அந்தக் கைதட்டலைத் திரும்பப் பெறுகிறேன்

அன்புள்ள ஓட்டத் தோழர்களுக்கு,

வேலைக்கும் போய்க்கொண்டு, மாதத்தில் பாதி நாள் வெளியூரிலும் இருந்துகொண்டு, ஜனவரி மாரத்தானில் பழைய நேரத்தை முறியடித்தே ஆக வேண்டும் என்று ஓடுகிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலரின் முகம் எனக்குத் தெரியும். சிலரை இருட்டில் முன்னால் ஓடும் முதுகாக மட்டுமே தெரியும்.

போன ஞாயிறு காலை நாலரை மணிக்கு நாம் பெசன்ட் நகர் கடற்கரையில் கூடியபோது ஒரு தம்பி தோளில் பையோடு வந்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. ஓசூரில் ஒரு வாரம் வேலை, சனிக்கிழமை மாலை வரை ஆலையில் நின்றுவிட்டு இரவுப் பேருந்து பிடித்து, சென்னையில் மூன்று மணிக்கு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே வந்ததாகச் சொன்னார். அன்றைய அட்டவணையில் முப்பது கிலோமீட்டர். பையை யாருடைய வண்டியிலோ போட்டுவிட்டு அவர் முப்பதையும் முடித்தார். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இடது காலைச் சற்று இழுத்து வைத்ததைப் பின்னாலிருந்து பார்த்தேன். முடித்ததும் சுற்றி நின்று கைதட்டினோம். "இதுதாம்பா டெடிகேஷன்" என்றார் ஒருவர். நானும் தட்டினேன்.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட உட்கார்ந்த பிறகும் அந்தக் கைதட்டல் உறுத்திக்கொண்டே இருந்தது. அதைத் திரும்பப் பெறத்தான் இந்த மடல். அந்தத் தம்பியின் உழைப்பில் எனக்குக் குறை இல்லை. நாம் எதைப் பார்த்துக் கைதட்டுகிறோமோ அதைத்தான் அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் செய்வார்கள். அவர்களில் ஒருவருக்கு எலும்பில் விரிசல் விழும். எனக்கு விழுந்தது.

நான் ஒரு பொதுத்துறை வங்கியின் தணிக்கைப் பிரிவில் இருக்கிறேன். கிளை கிளையாகப் போய் ஒரு வாரம், பத்து நாள் தங்கிக் கணக்குப் பார்க்கிற வேலை. நகைக்கடன் பாக்கெட்டுகளைப் பிரித்து எடைபோட்டுப் பார்க்கிற நாளில் காலை பத்திலிருந்து மாலை ஏழு வரை பெட்டக அறையை விட்டு வெளியே வர முடியாது. செப்டம்பர் 30 அரையாண்டுக் கணக்கு முடிப்பு. சென்னை மாரத்தானுக்கான பயிற்சி சூடு பிடிப்பதும் அதே வாரங்களில்தான். 2022-இல் எனக்கு ஒரு அட்டவணை கிடைத்தது. வாரத்துக்கு ஆறு நாள், தொண்ணூறு கிலோமீட்டர். முழுநேர ஓட்டக்காரர்களுக்காக எழுதப்பட்டது அது. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பயணத்தில் ஒரு நாள் தவறினால் அந்தக் கிலோமீட்டரை அடுத்த நாளோடு சேர்த்தேன். இரண்டு நாள் தவறினால் ஞாயிற்றுக்கிழமையோடு சேர்த்தேன். வங்கிக்காரி புத்தி அது. தவறியதெல்லாம் நிலுவை, நிலுவை வட்டியோடு கட்டப்பட வேண்டும்.

அந்த நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, கோயம்பேட்டில் இறங்கிய காலையே 26 கிலோமீட்டர் ஓடினேன். வலது முழங்காலுக்குக் கீழே, கால் எலும்பின் உள்பக்கத்தில், ஒரு விரல் நுனி வைக்கிற அளவு இடத்தில் வலி. முதலில் காட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை, தசை இழுப்பு என்றார்கள். இந்த வகை முறிவு ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. இன்னும் இரண்டு வாரம் ஓடினேன். பிறகு எம்ஆர்ஐயில் தெரிந்தது: அழுத்த முறிவு. எட்டு வாரம் ஓட்டம் இல்லை. ஜனவரியில் சாலையோரம் நின்று உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அன்று அழுதது யாருக்கும் தெரியாது. இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் முறை இது: ஓட்டத்தில் தேய்ந்த பகுதியை முதலில் கரைத்து எடுத்துவிடும், பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைத்ததற்கும் கட்டியதற்கும் நடுவே சில வாரங்கள் அந்த இடம் வலுவிழந்து நிற்கும். அந்த வாரங்களில் போதிய தூக்கமும் சோறும் இல்லாமல் மேலும் மேலும் சுமை ஏற்றினால் விரிசல் விழும். உடம்பைப் பழுது பார்க்கும் வளர்ச்சி ஹார்மோன் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அதிகம் சுரக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப்போடும் பேருந்தில் அந்த ஆழ்ந்த தூக்கம் ஏது? ஓட்டம், பயணம், மேலாளரோடு வாக்குவாதம், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று உடம்பு தனித்தனிப் பேரேடு வைத்துக்கொள்வதில்லை. எல்லாம் ஒரே கணக்கில் பற்று.

நீங்கள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும். "ஜப்பான்ல ஒரு கவர்ன்மென்ட் ஸ்டாஃப் போஸ்டனையே ஜெயிச்சாரே!" யூகி கவாவுச்சியின் கதையை நானும் பலமுறை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பாதிக் கதையைத்தான் சொன்னேன் என்று இப்போது தெரிகிறது. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

கவாவுச்சி 2019 வரை சைதாமா மாகாண அரசின் ஊழியராக இருந்தார். கசுகாபேயில் மாலை நேர உயர்நிலைப் பள்ளி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். பிற்பகல் தொடங்கி இரவு ஒன்பது மணி தாண்டி முடியும் பணி அது. 2011 டோக்கியோ மாரத்தானில் 2:08:37-இல் ஓடி மூன்றாவதாக வந்தபோதுதான் ஜப்பான் அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த நாட்டில் நல்ல ஓட்டக்காரர்களைப் பெரிய நிறுவனங்கள் தங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளும். சம்பளம், பயிற்சியாளர், விடுதி எல்லாம் உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுவது அங்கே பெரிய விஷயமில்லை. கவாவுச்சி ஓடியது சுமார் 600. நாளைக்கு ஒரே ஒரு முறை, காலையில். வாரத்தில் ஒரு நாள் வேகப் பயிற்சி, வார இறுதியில் ஒரு நீண்ட ஓட்டம் அல்லது ஒரு பந்தயம். மற்ற நாள்களில் எல்லாம் மெதுவோட்டம், நாமே கூட ஓடலாம் போலிருக்கும் வேகத்தில்.

இதை அவர் வறுமையால் செய்யவில்லை. பள்ளிப் பருவத்தில் கடும் பயிற்சி கொடுத்துக் கொடுத்து அடிக்கடி காயப்பட்டவர் அவர். அதனால்தான் பெரிய அணிகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. ககுஷுயின் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு பயிற்சியைக் குறைத்தார், ஓட்டம் மேம்பட்டது. நாம் அவரை "எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவர்" என்று கொண்டாடுகிறோம். எதை விடுவது என்று சிறு வயதிலேயே தெரிந்துகொண்டவர் என்பதுதான் சரி.

2018 ஏப்ரல் 16. போஸ்டனில் கொட்டும் மழை, எதிர்க்காற்று, உறைநிலையைவிடச் சில டிகிரியே மேலே இருந்த குளிர். முன்னணி ஓட்டக்காரர்கள் பலர் நடுவிலேயே விலகினார்கள். கடைசிக் கட்டத்தில் முந்தைய ஆண்டின் வெற்றியாளர் கென்யாவின் ஜெஃப்ரி கிருயியை முந்தி, கவாவுச்சி 2:15:58-இல் முடித்தார். 1987-க்குப் பிறகு போஸ்டனை வென்ற முதல் ஜப்பானிய ஆண். அதே நாள் பெண்கள் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தது யார் என்று நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சாரா செல்லர்ஸ். அப்போது அரிசோனாவில் மயக்கமருந்துப் பிரிவில் முழுநேரச் செவிலியர். வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் பயிற்சி செய்தவர். அவர் ஓடிய இரண்டாவது மாரத்தானே அதுதான். 2:44:04. வென்ற டெசிரே லிண்டனுக்கும் அவருக்கும் நடுவே நான்கு நிமிடம் சொச்சம். கருவிகள் ஒலிக்கும் அறுவை அரங்கில் நின்றுவிட்டு வந்து ஓடிய பெண். என் அறையில் அவர் படத்தைத்தான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ரான் ஹில்லையும் சிலர் இழுப்பீர்கள். இங்கிலாந்துக்காரர், ஜவுளி வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் ஓடியே போய் வந்தவர். 1970-இல் போஸ்டனை வென்றார், அதே ஆண்டு எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் தங்கம். 1964 டிசம்பரிலிருந்து 2017 ஜனவரி வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள், ஒரு நாள்கூடத் தவறாமல் ஓடினார். நம்மில் சிலர் "ஸ்ட்ரீக்" என்று காய்ச்சலோடு ஓடுவதற்கு அவர் பெயரைச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு நாள் ஓட்டம் என்று அவர் வைத்திருந்த அளவு குறைந்தது ஒரு மைல். ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். இதில் எனக்கு ஒரு தனிக் கருத்து உண்டு: நாள் தவறாத ஓட்டம் நம்மைப் போல ஊர் சுற்றுகிறவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எண்ணிக்கை காப்பாற்றப்பட வேண்டிய பொருளாகிவிட்டால் காலைக் காப்பாற்ற மறந்துவிடுவோம்.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்பீர்கள்.

வங்கிகளுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை விடுமுறை. என் நீண்ட ஓட்டம் அந்த இரண்டு சனிக்கிழமைகளில்தான். முன்பு ஒவ்வொரு ஞாயிறும் ஓடுவேன். ஓடிவிட்டு அன்று மாலையே அடுத்த ஊருக்கு ஏழு மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து போவேன். இறங்கும்போது தொடையின் பின்தசை கயிறாக முறுக்கியிருக்கும். இப்போது சனிக்கிழமை ஓடி, ஞாயிறு வீட்டில் பிள்ளைகளோடு இருந்துவிட்டு மாலையில் கிளம்புகிறேன். பதினைந்து நாளுக்கு ஒரு நீண்ட ஓட்டம் போதுமா? நானும் பயந்தேன். மற்ற வார இறுதிகளில் பதினைந்து, பதினாறு கிலோமீட்டர் மெதுவாக. வாரத்தில் ஒரே ஒரு டெம்போ அல்லது இன்டர்வெல். மொத்தம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் தாண்டுவதில்லை. தொண்ணூறு ஓடிய காலத்தில் என் சிறந்த மாரத்தான் 3:41. இந்த முறையில் 2025 ஜனவரியில் 3:24.

பயண நாள் பயிற்சி நாள் இல்லை. இதை மட்டும் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பயணம் முடித்த காலையில் ஓடவே கூடாது என்று சொல்லவில்லை. அரைமணி நேரம், பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், கால் பிடிப்பு விடுகிற வரை ஓடலாம். வேகப் பயிற்சியும் நீண்ட ஓட்டமும் ஒரு முழு இரவு படுக்கையில் தூங்கிய பிறகுதான். தவறிப்போன ஓட்டத்தைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். ஒரு வாரம் ஓடாமல் இருந்தால் சேர்த்து வைத்த தெம்பு பெரிதாகக் குறையாது. இரண்டு வாரம் தாண்டும்போதுதான் இறங்கத் தொடங்கும். கடன் வசூலிக்கிற வங்கியில் இருப்பவள் சொல்கிறேன், இந்த ஒரு கடனை வசூலிக்காதீர்கள்.

இன்னொன்று, வேகம். ஊர் மாறினால் வெயிலும் ஈரப்பதமும் மாறும். சென்னையில் அக்டோபர் காலையில் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும். ஆவியாகாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. இதயம் அதே வேகத்துக்கு அதிகம் அடிக்கும். அதே ஆள் ஓசூரில் கிலோமீட்டருக்கு இருபது நொடி குறைத்து ஓடிவிட்டு, "ஃபார்ம் வந்துடுச்சு" என்று நினைத்துச் சென்னையிலும் அதே பேஸைப் பிடிப்பார். கடிகாரத்தைப் பார்க்காமல் மூச்சைப் பாருங்கள். முழு வாக்கியம் பேச முடிந்தால் மெதுவோட்டம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், அது என்ன பெயர் சொன்னாலும், மெதுவோட்டம் இல்லை.

வெளியூரில் எங்கே ஓடுவது என்று பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். அதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்கு அலுக்காது. லாட்ஜில் ட்ரெட்மில் கிடையாது. நெடுஞ்சாலையோரம் ஓடுவது உயிருக்கு ஆபத்து, லாரிக்காரர் தூக்கக் கலக்கத்தில் வருகிற நேரம் அது. நான் கண்டுபிடித்த வழி கோவில் வீதி. தேர் ஓடுவதற்காகவே போட்ட வீதி என்பதால் அகலம் உண்டு, திருப்பங்களில் இடம் உண்டு, விளக்கு உண்டு. எல்லாவற்றையும்விட, காலை நாலரை மணிக்கு அங்கே மனிதர்கள் விழித்திருப்பார்கள். பூக்கட்டுகிறவர், பால்காரர், வாசல் தெளிக்கிற பெண்கள், டீக்கடையில் முதல் பாய்லர். மதுரையில் மீனாட்சி கோவிலைச் சுற்றிய சித்திரை வீதிகளில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று ஒன்றுக்கு வெளியே ஒன்றாக வீதிகள் இருப்பதால் தூரத்தையும் வேண்டியபடி கூட்டிக்கொள்ளலாம். ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியும் உத்திர வீதியும். எங்கே ஓடினாலும் வலமாகத்தான் சுற்றுவேன். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் பார்க்கிறவர் மனம் நோகும்.

கும்பகோணத்தில் ஒரு தணிக்கையின்போது ஒன்பது நாள் தொடர்ந்து ஒரே வீதியைச் சுற்றினேன். நான்காம் நாள் பூக்கார அம்மா ஒருவர் நிறுத்திக் கேட்டார்: "எத்தனை சுத்தும்மா வேண்டுதல்?" நான் பன்னிரண்டு என்றேன். மறுநாளிலிருந்து அவர் பூக்கூடையிலிருந்து ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பூவை எடுத்துத் தரையில் வைத்து எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டாவது பூ வைத்ததும் கையைத் தட்டி "போதும் போதும், உக்காரு" என்பார். இன்னும் இரண்டு சுற்று போகலாமா என்று எனக்குத் தோன்றிய நாளிலும் உட்கார வைத்துவிட்டார். எனக்கு வாய்த்த பயிற்சியாளர்களில் அவருக்கு இணை இல்லை.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர். நல்ல சாலை, இரவெல்லாம் விளக்கு, எட்டு லிங்கங்களும் எட்டு மைல்கற்களைப் போல வரும். பௌர்ணமியும் அதை ஒட்டிய நாள்களும் தவிர எப்போது வேண்டுமானாலும் ஓடலாம். பௌர்ணமியன்று அந்தச் சாலை நடக்கிறவர்களுக்குச் சொந்தம். மதுரை வண்டியூர் தெப்பக்குளம் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். இன்டர்வெல் ஓட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் ரேஸ்கோர்ஸ். கொடைக்கானல் ஏரி ஒரு சுற்று ஐந்து கிலோமீட்டர், ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். போன மறுநாளே வேகம் வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் போனால் கடலைமிட்டாய் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நீண்ட ஓட்டத்துக்குக் கடையில் விற்கிற ஜெல்லைவிட என் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்கிறது.

விடியற்காலை வீதியில் பார்த்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. தெளித்த தண்ணீரும் சாணமும் வழுக்கும். கோலத்தை மிதிக்காமல் ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று, மெதுவாக நடந்து கடந்து போங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குத் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாத ஒரே விஷயம் அது.

இப்போது உங்களில் பெண்களிடம் கொஞ்சம் தனியாகப் பேச வேண்டும். ஆண்கள் "ஷூவை மாட்டிட்டுக் கிளம்பு" என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம் வருகிறது. தெரியாத ஊரில் ஒரு பெண் இருட்டில் வெளியே கிளம்புவதற்கு முன் எத்தனை கணக்குப் போடுகிறாள் என்று அவர்களுக்குத் தெரியாது. நான் முதல் நாள் மாலையே அந்த வீதியை ஒருமுறை நடந்து பார்த்துவிடுவேன். லாட்ஜ் காவலாளியிடம் சொல்லி வைப்பேன். கம்பிக்கதவு பூட்டியிருக்கும், அவர் எழுந்து திறக்க வேண்டும். "என்னம்மா, இந்நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?" என்று முதல் நாள் கேட்கிறவர், மூன்றாம் நாள் "இன்னும் வரலையேன்னு பாத்துட்டே இருந்தேன்" என்பார். வெளிச்சம் வராத ஊரில், ஆள் நடமாட்டம் இல்லாத ஊரில், நான் ஓடுவதில்லை. லாட்ஜ் மாடிப்படியில் இருபது நிமிடம் ஏறி இறங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: காரணம் தெரியாத களைப்பு வந்தால் பயிற்சியைக் கூட்டாமல் இரத்தத்தில் இரும்புச்சத்தையும் ஃபெர்ரிட்டினையும் சோதித்துப் பாருங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெர்ரிட்டின் அடிமட்டத்தில் இருக்கலாம். எனக்கு இருந்தது. மாதவிடாய் தவறத் தொடங்கினால் அதை "நல்ல பயிற்சியின் அடையாளம்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உடம்புக்குச் சோறு போதவில்லை என்பதற்கான அடையாளம் அது, எலும்பில் விரிசல் விழும் வழியும் அதுதான்.

மென்பொருள் வேலையில் அமெரிக்கா போய் வருகிறவர்களுக்கு என் அனுபவம் உதவாது, நான் கடல் தாண்டியதில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்றை மட்டும் சொல்லலாம்: கடக்கிற ஒவ்வொரு மணி நேர வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் உடம்பு கேட்கும், கிழக்கு நோக்கிய பயணம் மேற்கைவிடக் கடினம். அங்கிருந்து திரும்பிய வாரத்தை அட்டவணையில் வெறுமனே விட்டுவிடுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஊரில் இருக்கிற பத்துப் பதினைந்து நாளிலும் விடிகாலை கடற்கரைக்குப் போய்விட்டால் என் மகளுக்குத் தலைவாரிவிட யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி பல ஆண்டுகள் எங்கள் வீட்டில் சண்டையாக இருந்தது. வாரத்தில் மூன்று காலை அவளுக்கு என்று எழுதி வைத்த பிறகுதான் அடங்கியது. அந்த மூன்று நாளும் நான் ஓடுவதில்லை. கிலோமீட்டர் குறைந்ததில் பாதி அங்கேதான் குறைந்தது, மாரத்தான் நேரம் அதனால் மோசமாகவில்லை என்பதை மேலே சொன்னேன்.

இந்த மடலை எழுதுவதற்கு முன் ஓசூர்த் தம்பியோடு தொலைபேசியில் பேசினேன். இடது கால் எலும்பில் விரல் வைத்து அழுத்தினால் ஒரே இடத்தில் வலிக்கிறது என்றார். ஒற்றைக் காலில் குதித்துப் பார்க்கச் சொன்னேன், முடியவில்லை. ஓட்டத்தை நிறுத்திவிட்டு இந்த வாரமே எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். ஜனவரி போய்விடும் என்று அவருக்குத் துக்கம். ஜனவரி அடுத்த ஆண்டும் வரும் என்று சொன்னேன், அவருக்கு அது ஆறுதலாக இல்லை. எனக்கும் அன்று இருந்ததில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். வரும் ஞாயிறு காலை நாலரை மணிக்கு நான் ஓட வரவில்லை. பெசன்ட் நகரில் நாம் கூடுகிற அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பேன். தோளில் பையோடும் சிவந்த கண்ணோடும் யார் வந்தாலும் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பப் போகிறேன். என்னோடு இன்னும் இரண்டு பேர் நின்றால் உதவியாக இருக்கும். அப்படி வீட்டுக்குத் திரும்பிப் போகிறவருக்கு நாம் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவோம்.

அன்புடன்,
உங்களோடு ஓடும் ஒருத்தி